தடைக்காலத்து 61 நாள்: காசிமேட்டு விசைப்படகைக் கரையேற்றிச் சீர்செய்து, ஆள் சேர்த்து இறக்கும் முறை

சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்கு என்று விட்ட இந்த நாட்களில்தான் விசைப்படகின் அடிவயிறு வெளிச்சத்துக்கு வருகிறது. மிச்சப் பத்து மாதமும் அது துறைமுகத்துக் கலங்கல் தண்ணீருக்குள்ளோ நடுக்கடலிலோதான் கிடக்கும். அதனால் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருக்கும் வேலை முதலில், மேலே இருப்பது பிறகு, கேபின் பெயிண்டு கடைசியில் என்று வரிசை போட்டுக்கொள்ளுங்கள். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பல படகுகளில் இது தலைகீழாக நடக்கிறது. படகைக் கரையேற்றும் சரிவுமேடையான ஸ்லிப்வேயில் முறை வரவில்லை என்று முதல் மாதம் கேபினுக்கும் பெயர் எழுதவும் செலவாகிறது. ஜூன் முதல் வாரத்தில் அவசரமாகக் கரையேற்றி, நாலு நாளில் அடிப்பக்கத்தைப் பூசி இறக்கிவிடுகிறார்கள். அந்தப் படகு ஆவணி தாண்டுவதற்குள் பழுதோடு திரும்பும்.

இங்கே சொல்வது சுமார் 60 அடி நீளம், 18 அடி அகலம், மரக்கட்டின் மேல் பைபர் போர்த்திய, ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் உள்ள, ஒரு வாரம் பத்து நாள் தங்கல் (கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஓட்டம்) போகும் படகுக்கு. இரும்புப் படகுக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கடைசித் தங்கலிலேயே வேலை ஆரம்பம்

ஏப்ரல் 14 இரவுக்குள் கரை திரும்பும் அந்தக் கடைசி ஓட்டத்தில் டிரைவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ஐந்து விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். முழு திராட்டிலில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் தொடுகிறது, அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு தண்ணீர்ச் சூடு எவ்வளவு, ஆயில் பிரஷர் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் படகு அதிர்கிறது, அடித்தட்டில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வாளித் தண்ணீர் சேர்கிறது. இன்ஜின் நின்று ஒரு வாரம் ஆனால் இதெல்லாம் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. மெக்கானிக் வந்து கேட்கும்போது “கொஞ்சம் சூடாச்சுண்ணே” என்று மட்டும் பதில் வரும். புகை நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது விசிறிக்கு (படகைத் தள்ளும் புரொப்பல்லர்) சுமை அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரையும் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகப்படுங்கள்.

கரை வந்ததும் வலை, வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் வலைப்பலகை, ரோப், மிச்ச ஐஸ், டீசல் எல்லாவற்றையும் இறக்குங்கள். ஆயிரம் லிட்டர் டீசலே 830 கிலோவுக்கு மேல் வரும். தண்ணீரில் மிதக்கும்போது படகின் எடையைத் தண்ணீர் முழு நீளத்துக்கும் தாங்குகிறது. கரையில் நாலைந்து முட்டுக்கட்டைதான் தாங்குகிறது. எடையோடு ஏற்றினால் ஏரா (படகின் முதுகெலும்பான அடிக்கட்டை) வளையும். ஏரா வளைந்தால் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டின் நேர்கோடு தப்பிவிடும். முட்டுக்கட்டைகளை உள்ளே விலாக்கட்டை இருக்கும் இடத்துக்கு நேராகத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு விலாவுக்கு நடுவே கொடுத்தால் பலகை உள்வாங்கும். ஏற்றி முடித்ததும் அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஏராவின் பக்கவாட்டில் ஒரு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிப் பாருங்கள். எங்கேயாவது கயிறு விலகி நின்றால் முட்டைச் சரிசெய்த பிறகே வேறு வேலை.

ஐஸ் அறைக்குள் இறங்கும் முன்

இதை எல்லா வேலைக்கும் முன்னால் படியுங்கள், ஆட்களுக்கும் சொல்லுங்கள். ஐஸ் அறையின் அடியில் தேங்கிய மீன் ரத்தமும் குடலும் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. ஆக்சிஜனும் குறைகிறது. மூடியே கிடந்த அறையில் இது அடியில் தங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிடுச்சு” என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சாய்வார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். இந்த விபத்துகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

மூடியைத் திறந்து குறைந்தது ஒரு மணி நேரம் ஃபேன் வைத்து, அதன் குழாயை அறையின் அடிவரை விட்டு வெளிக்காற்றை ஊதுங்கள். மேலிருந்தே தண்ணீர் அடித்துக் கழுவி, பம்பு போட்டு வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகும் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடித்து ஒருவர். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே நிற்பவர் இறங்கவே கூடாது. கயிற்றால் இழுக்க வேண்டும். டீசல் டேங்குக்கும், மாதக்கணக்கில் மூடியிருந்த அமரத்து அறைக்கும் இதே விதி. துரு பிடிக்கும் மூடிய இரும்பு அறையில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

அடிப்பக்கம்

கரையேறிய அன்றைக்கே, காய்வதற்கு முன், ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிரான கொட்டலசையும் பாசியையும் சுரண்டுங்கள். ஈரத்தில் தள்ளினால் வரும். இரண்டு நாள் கத்திரி வெயிலில் காய்ந்துவிட்டால் உளி போட வேண்டியிருக்கும், உளி பைபரை வெட்டும். முனை மழுங்கிய அகலத் தகடு போதும். சுரண்டியதும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். உப்புத் தங்கிய இடத்தில் பெயிண்டு ஒட்டாது.

பிறகு சின்னச் சுத்தியலால் ஒரு அடிக்கு ஒரு தட்டு என்று முழுப் படகையும் தட்டிக் கேளுங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று சொல்லும். பைபர் மரத்தை விட்டுப் பிரிந்த இடமும் மரம் இற்ற இடமும் ‘பொத்’ என்று சொல்லும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். ஏராவும் அடிப்பலகையும் சேரும் மடிப்பு, அமரத்தில் ஷாஃப்ட் வெளிவரும் இடம், வலைப்பலகை வந்து இடிக்கும் பின்பக்கவாட்டு, இந்த மூன்றிலும் இரண்டு முறை தட்டுங்கள். பைபரில் ஊசித்துளை இருந்தாலே கடல்புழு மரத்துக்குள் போய்விடும். வெளியே துளை கடுகளவு, உள்ளே விரல் போகும் பொந்து.

பைபர் ஒட்டும் வேலையில் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். வட்டம் போட்ட இடத்தை அறுத்து எடுத்தபின் மரம் காய வேண்டும். ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே ரெசின் (பைபர் ஒட்டும் பசை). ஈரமானி இல்லையென்றால் ஒரு துண்டு பாலித்தீன் தாளை மரத்தின் மேல் நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடி, ஒரு நாள் வெயிலில் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. வெட்டிய ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும். பழைய பைபர் 6 மி.மீ. தடிமன் என்றால் சரிவு 70 மி.மீ. அகலம். செங்குத்தாக விட்டு மேலே மேட்டு (கண்ணாடியிழைப் பாய்) ஒட்டினால் அலையின் அடியில் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

மேட்டு 450 கிராம் வகை, அதற்கு மேல் நெய்த ரோவிங் (கண்ணாடியிழைத் துணி), மறுபடி மேட்டு என்று மாற்றி மாற்றி. ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிலோ ரெசின். ஒரு கிலோ ரெசினுக்கு வெயில் காலத்தில் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) 10 மில்லி போதும். சீக்கிரம் காயட்டும் என்று 20, 25 ஊற்றினால் டப்பாவிலேயே புகைந்து கட்டியாகும். ஒட்டியதும் சூட்டில் சுருங்கி உரியும். விடியற்காலை ஆறிலிருந்து பத்து மணிக்குள் ஒட்டி முடியுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்துவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட். இந்த இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. இரண்டுக்கும் ஒரே அளவுக் குப்பியும் வேண்டாம்.

பைபர் போர்த்தாத மரப்படகில், பலகை இடுக்கைத் திரியால் அடைக்கும் கலப்பத்து வேலைதான் உயிர். இங்கே வெயில் காலம் ஒரு பொறி வைக்கிறது. கத்திரி வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு அகலமாகத் தெரியும். அந்த அகலத்துக்குப் பஞ்சுத் திரியை இறுக்கி அடித்துவிட்டால், தண்ணீரில் இறங்கிப் பலகை ஊதும்போது போக இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும், அல்லது விலாவை உடைக்கும். அதனால் கரையேறிய நாளிலிருந்தே ஈரச் சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பலகையைச் சுருங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய திரியைக் கொக்கியால் முழுதும் எடுத்துவிட்டு, புதுத் திரியை மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் அளவான அடியில் இரண்டு வரிசை இறக்கி, மேலே புட்டி. அடிக்கும் சத்தம் மாறுவதை வைத்தே நிறுத்தத் தெரிந்த ஆசாரிகள் இன்று குறைந்துவிட்டார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் சித்திரைக்கு முன்பே பேசி வையுங்கள், கூலியில் கணக்குப் பார்க்காதீர்கள்.

இரும்புப் படகுக்குத் தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். 6 மி.மீ. தகடு 4.5-க்கு வந்துவிட்டால் அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள், மேலே ஒட்டுப்போட வேண்டாம். வெல்டிங்கின் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே படகின் இரும்பில் மாட்டுங்கள். எர்த் தொலைவில் இருந்தால் கரண்ட் ஷாஃப்ட் பேரிங் வழியாகப் போய்க் குழி குழியாக அரிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி முனைகளையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் அறை இருந்தால், சூட்டைத் தடுக்க அதில் வைத்த நுரையான பஃப் எளிதில் தீப்பிடிக்கும். உள்ளே ஒரு ஆள் தண்ணீர் வாளியோடு நிற்க வேண்டும்.

கொட்டலசு ஏறாமல் தடுக்கும் மருந்து கலந்த அடிப் பெயிண்டின் அளவு: தண்ணீர்க் கோட்டு நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்குங்கள். 17 மீட்டர் நீளம், 5.5 அகலம், 2 ஆழம் என்றால் சுமார் 127 சதுர மீட்டர். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு பூச்சுக்கு 16 லிட்டர், இரண்டு பூச்சுக்கு 32. தண்ணீர்க் கோடு, சுக்கான், அணியத்தின் முன்விளிம்பு மூன்றுக்கும் மூன்றாவது பூச்சு தேவை, ஆக 36 லிட்டர் வாங்குங்கள். தின்னர் ஊற்றி நீட்டினால் டப்பா மிஞ்சும், கொட்டலசும் ஏறும். கடைசிப் பூச்சுக்கும் தண்ணீரில் இறக்குவதற்கும் நடுவே எத்தனை நாள் போகலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதைத் தாண்டினால் மருந்து வீணாகிவிடும்.

மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைய மாட்டியிருக்கும் ஜிங்க் கட்டியைக் கழற்றி எடைபோடுங்கள், எறிந்துவிடாதீர்கள். போட்டபோது இருந்ததில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தால் இந்த வருடம் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். இரும்போடு அதற்குத் தொடர்பு அறுந்திருக்கிறது, அதற்குப் பதிலாக உங்கள் விசிறியும் சுக்கான் பின்னும் கரைந்துகொண்டிருக்கின்றன. மாட்டும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி இறுக்குங்கள். மேலே ஒரு சொட்டுப் பெயிண்டும் படக்கூடாது. பெயிண்டர் பையன்கள் அழகுக்காக அதையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள், அதனால் பூச்சு முடியும்வரை ஜிங்க் மேல் பேப்பர் ஒட்டி வையுங்கள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் கண்ணுக்கும் அதே காகிதம்.

ஷாஃப்ட், விசிறி, சுக்கான்

விசிறியை ஒரு மரக்கட்டையால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். அடைத்த சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல். விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். வெண்கலம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் வெளியேறிவிட்டது, அந்த உலோகம் பிஸ்கட் மாதிரி உடையும். கழற்றியதும் ஷாஃப்டின் சரிவில் நீலச் சாயம் தடவி விசிறியை மாட்டி எடுங்கள். நீலம் பரவலாக ஒட்ட வேண்டும். ஒரு ஓரம் மட்டும் ஒட்டினால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சேர்க்க வேண்டும். வால் பக்கத்து நட்டுக்குப் புது ஸ்டீல் பின். ஐம்பது ரூபாய் பின்னைச் சேமிக்கப்போய் விசிறியைக் கடலில் விடக்கூடாது.

ஷாஃப்டை விசிறிப் பக்கத்தில் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். 70 மி.மீ. ஷாஃப்டில் ஆட்டம் 2 மி.மீ. தாண்டினால் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் புஷ் மாற்றுங்கள். புஷ் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் குற்றம் புஷ்ஷில் இல்லை, இன்ஜின் நேர்கோட்டில் உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் புஷ் மட்டும் மாற்றினால் கார்த்திகைக்குள் அதே ஆட்டம் வரும்.

ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கிளாண்டு பேக்கிங் எல்லாப் படகிலும் தப்பாகச் செய்யும் வேலை. பழைய வளையங்களை எடுக்காமல் மேலே ஒன்று சேர்த்துத் திணிப்பார்கள். அடியில் இருப்பது கல்லாகி ஷாஃப்டை வரிவரியாக அறுக்கும். கொக்கியால் எல்லாவற்றையும் எடுங்கள். ஷாஃப்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து அதே அளவு சதுரப் பேக்கிங் வாங்குங்கள், பத்து என்றால் பத்து. ஷாஃப்டிலேயே சுற்றி, சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையமாக உள்ளே தள்ளுங்கள். ஒன்றின் வெட்டு மேலே என்றால் அடுத்ததன் வெட்டு பக்கவாட்டில், அடுத்தது கீழே. நட்டைக் கையால் மட்டும் இறுக்கி விடுங்கள். மிச்சம் தண்ணீரில் இறங்கிய பிறகு.

சுக்கானை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் சக்கரம் எத்தனை விரல் தூரம் வெறுமனே சுற்றுகிறதோ அத்தனையும் தேய்மானம். ஸ்டீயரிங் செயின் அறுந்தால் சுக்கான் தலையில் நேரடியாக மாட்டும் கைப்பிடி ஒன்று ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும். அது உண்மையில் பொருந்துகிறதா என்று கரையிலேயே மாட்டிப் பாருங்கள்.

படகின் உடம்பில் உள்ள துளைகளில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு கடல் வால்வையும் பிரித்துத் தேய்த்துப் பூட்டுங்கள். ஹோசுக்கு இரண்டு கிளிப். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அதற்கு அளவான மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீறிடும் இருட்டில் தக்கையைத் தேட நேரம் இருக்காது.

இன்ஜின்

எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை இருப்பதால் வடசென்னையில் அந்த இன்ஜினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிப்பவர்கள் உண்டு. எந்த இன்ஜின் என்றாலும் மேனுவலில் உள்ள வால்வு இடைவெளி, டார்க் அளவுகளைப் பெயிண்டால் இன்ஜின் அறைச் சுவரில் எழுதிவையுங்கள். புத்தகம் ஊறிப்போகும், சுவர் இருக்கும்.

ஆயிலை மாற்றுவது தடைக்காலத்தின் முடிவில் என்று பலர் தள்ளுகிறார்கள். தடை தொடங்கும் அன்றே, இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். பழைய ஆயிலில் உள்ள அமிலம் இரண்டு மாதம் பேரிங்கில் உட்கார்ந்து அரிக்கும். வாரம் ஒரு நாள் பிளைவீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிறுத்துங்கள். டீசல் டேங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. கரையேற்ற வடித்த டேங்க் காலியாகக் கிடந்தால் ராத்திரி ஈரம் உள்சுவரில் வேர்த்து அடியில் தண்ணீராகச் சேரும், அதில் கறுப்புச் சளி வளரும். ஆகவே காலியாக இருக்கும்போதே அடி அழுக்கைத் துடைத்து எடுத்துவிட்டு, படகு தண்ணீரில் இறங்கியதும் தாமதிக்காமல் நிரப்புங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டருக்கு இரண்டு மாற்று எப்போதும் படகில் இருக்கட்டும்.

இன்ஜின் தண்ணீரைக் கடல்நீரால் குளிர்விக்க அடிப்பக்கத்தில் ஓடும் கீல் கூலிங் குழாய் உள்ள படகில் குழாயின் வெளிப்புறத்தைச் சுத்தமாகச் சுரண்டுங்கள், ஆனால் அதன் மேல் தடிமனாகப் பெயிண்டு ஏற்றாதீர்கள். ஏற்றினால் சூடு இறங்காது. சைலன்சர் குழாயின் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கிழிந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத கண்ணாடியிழைக் கயிறு சுற்றுங்கள். மரப்படகில் தீ பெரும்பாலும் அந்தக் குழாய் சுவரைத் தாண்டும் இடத்திலோ, பேட்டரி வயரிலோதான் பிறக்கிறது.

பேட்டரியைப் படகிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கழற்றிப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சார்ஜ். 12.2 வோல்ட் காட்டினால் பாதிதான் இருக்கிறது, அப்படியே விட்டால் தட்டு கெட்டியாகிப் பிறகு ஏறாது. வயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சுரண்டி ஒட்டாதீர்கள், களிம்பு தோலுக்குள் ஒரு ஜாண் போயிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள்.

ஐஸ் எங்கே கரைகிறது

28 டிகிரி மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர, கிலோவுக்கு 300 கிராம் ஐஸ் போதும். இருந்தும் நீள்தங்கலில் மீனுக்குச் சரிசமமாக ஐஸ் ஏற்றுகிறோம். மிச்சமெல்லாம் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் வரும் சூட்டுக்குப் போகிறது. 50 கிலோ பார் நூறு ஏற்றினால் எத்தனை பார் மீனைத் தொடாமலே தண்ணீராகிறது என்று யோசியுங்கள். ஆகவே ஐஸ் அறைச் சுவரில் செய்யும் செலவு ஒவ்வொரு தங்கலிலும் திரும்பி வரும். உள்பைபரில் விரிசல் இருந்தால் பஃப்புக்குள் தண்ணீர் ஊறியிருக்கும், ஊறிய பஃப் சூட்டைத் தடுக்காது. தட்டினால் பொத்தென்று கேட்கும் இடத்தில் சின்னத் துளை போடுங்கள். தண்ணீர் சொட்டினால் அந்தப் பகுதியை எடுத்து மாற்ற வேண்டும், மேலே பூசி மறைத்துப் பயனில்லை. இன்ஜின் அறைப் பக்கச் சுவருக்குக் குறைந்தது 100 மி.மீ. தடிமன். மூடியின் ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், எளிதாக வந்தால் பட்டை மாற்ற வேண்டும்.

ஆள் சேர்ப்பது

டிரைவரையும் இன்ஜின் பார்ப்பவரையும் ஜூன் மாதம் தேடாதீர்கள். படகு பிரிந்து கிடக்கும்போது கூட நின்றவர்தான் நடுக்கடலில் எந்த வால்வு எங்கே என்று கையை விட்டே கண்டுபிடிப்பார். அந்த இரண்டு பேருக்கும் கரை வேலை நாட்களுக்குப் படி கொடுத்து நிறுத்திக்கொள்வது செலவு போலத் தெரியும். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ராயபுரத்திலேயே மத்திய அரசின் மீன்பிடிப் படகுப் பயிற்சி நிறுவனமான சிப்நெட்டின் சென்னைப் பிரிவு இருக்கிறது. படகோட்டத்துக்கும் இன்ஜின் வேலைக்கும் தனித்தனிப் படிப்புகள் அங்கே உண்டு.

நீள்தங்கல் மடிவலை (படகின் பின்னால் இழுத்துச் செல்லும் பை வலை) படகுக்கு எட்டிலிருந்து பத்து பேர் தேவை. டிரைவர், அவருக்கு மாற்று, இன்ஜினுக்கு ஒருவர், வலை பொத்தத் தெரிந்தவர் இரண்டு பேர், சமையலுக்கு ஒருவர், மிச்சம் தளத்து வேலைக்கு. சமையல்காரர் தேர்வைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், நாலாம் நாள் சண்டை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தொடங்கும். கேஸ் சிலிண்டர் தளத்தில், திறந்த காற்றில் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் இறங்கி இன்ஜின் அறைக்குப் போகும்.

டீசல், ஐஸ், ரேஷன், ஏலக் கமிஷன் என எவையெல்லாம் மொத்தத்தில் கழியும், அதற்குப் பிறகு பங்கு எப்படிப் பிரியும், முன்பணம் எத்தனை தங்கலில் பிடிக்கப்படும், நடுவில் உடம்பு முடியாமல் கரை வந்தவருக்குக் கணக்கு எப்படி, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எல்லோர் கையெழுத்தோடும் வையுங்கள். ஆந்திரா, ஒடிசா ஆட்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். ரோப் சுருட்டும் வின்ச் ஓடும்போது ‘நிறுத்து’, ‘விடு’, ‘இழு’ மூன்றுக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல்லும் ஒரு கைச்சைகையும் முன்பே முடிவு செய்யுங்கள். ரோப்புக்கும் டிரம்முக்கும் நடுவே விரல் போகும் விபத்து மொழிக் குழப்பத்தில் நடக்கிறது. ரோப்பில் கம்பி உடைந்து முள்முள்ளாக நீட்டியிருக்கும் பகுதியைக் கையுறை போட்டுத் துணியால் நீவிக் கண்டுபிடித்து வெட்டுங்கள்.

ராத்திரிக் காவல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர். எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகம் மூன்றுக்கும் வரும் பெரிய கப்பல்கள் நம் வழியைத்தான் குறுக்கே வெட்டுகின்றன. அவை நின்று திரும்பும் தூரம் மைல் கணக்கு. மடி இழுக்கும்போது பச்சைக்குக் கீழே வெள்ளை விளக்கு, மற்ற வகை மீன்பிடியில் சிவப்புக்குக் கீழே வெள்ளை. விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். காவல் இருப்பவர் மணிக்கு ஒரு முறை இன்ஜின் அறையில் இறங்கி ஆயில் பிரஷர், சூடு, அடித்தண்ணீர் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் டிரைவரை எழுப்பலாம், எழுப்பியதற்காக யாரும் திட்டக்கூடாது என்று டிரைவரே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். “அண்ணன் இப்பத்தான் படுத்தாரு” என்று சின்னப் பையன் தயங்கும் பத்து நிமிடத்தில் ஒரு இன்ஜின் போய்விடும்.

தலைக்கு ஒன்று என்ற கணக்கில் லைஃப் ஜாக்கெட், மேலே இரண்டு மிச்சம். அவற்றை ஐஸ் மூட்டைக்கு அடியில் வைக்காமல் கேபின் வாசலில் தொங்கவிடுங்கள். ஒளிக்குண்டுகளின் காலாவதித் தேதி, ஆபத்துக் கருவியான டாட்டின் பேட்டரி, தீயணைப்பான் முள், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் இந்த மாதத்திலேயே பாருங்கள். கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைக் கேபினில் பெரிதாக எழுதிவையுங்கள்.

தடைக்கால நிவாரணத்துக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் ஒவ்வொருவரின் ஆதார், மீனவர் அட்டை, வங்கிக் கணக்கு நகலையும் வாங்கி வையுங்கள். மீன்வளத் துறை இந்த இரண்டு மாதத்துக்குள் எல்லா விசைப்படகுகளையும் நேரில் வந்து ஆய்வு செய்யும். படகைக் காட்டாவிட்டால் வரிவிலக்கு டீசலுக்குச் சிக்கல் வரும். பதிவு எண் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், மடியின் கடைக்கண்ணி (மீன் சேரும் கடைசிப் பையின் கண்ணி) 40 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

இறக்கிய பிறகு

தண்ணீரைத் தொட்டதும், படகைத் தாங்கி இறக்கும் தொட்டிலை விட்டு உடனே நகர்த்தாதீர்கள். பத்து நிமிடம் அப்படியே நிறுத்தி, உள்ளே டார்ச்சோடு ஒருவர் ஒவ்வொரு வால்வையும் கிளாண்டையும் ஏரா மடிப்பையும் பார்க்க வேண்டும். மரப்படகு ஊறி உப்பும்வரை ஒன்றிரண்டு நாள் கசியும். முதல் இரவு பம்போடு ஒருவர் படகிலேயே படுக்க வேண்டும்.

இன்ஜின் நேர்கோட்டைக் கரையில் பார்த்துப் பயனில்லை. கரையில் படகின் வடிவம் வேறு, மிதக்கும்போது வேறு. இரண்டு நாள் மிதந்த பிறகு, இன்ஜினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகத்துக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 150 மி.மீ. கப்ளிங்கில் இந்த நான்குக்கும் உள்ள வித்தியாசம் 0.15 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேலே அகலம் என்றால் இன்ஜினின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது, முன்கால்களுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். பிறகு கப்ளிங்கைக் கால் சுற்று சுற்றி மறுபடி அளங்கள்.

சோதனை ஓட்டத்தில் அரை மணி நேரம் மெதுவாக ஏற்றி, முழு திராட்டிலுக்குப் போய், ஏப்ரல் நோட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அடி சுத்தமாகியும் ஆர்பிஎம் ஏறவில்லை என்றால் விசிறியின் பிட்ச் (இலைச் சாய்வு) அதிகமாக இருக்கலாம், டர்போவும் இன்ஜெக்டரும் பார்க்க வேண்டும். கிளாண்டு நட்டை இப்போதுதான் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஆறில் ஒரு சுற்று மட்டும் இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, நிமிடத்துக்கு எட்டுப் பத்துச் சொட்டு விழும் நிலையில் நிறுத்துங்கள். சொட்டே விழாத கிளாண்டு ஷாஃப்டை எரிக்கும், கையை வைத்தால் சூடு தெரியும்.

முதல் தங்கலை இரண்டு மூன்று நாளாக வையுங்கள். திரும்பியதும் இன்ஜின் கால் போல்ட், கப்ளிங் போல்ட், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்கி, ஃபில்டரைத் திறந்து அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பார்த்து, கிளாண்டுச் சொட்டை எண்ணி அதே நோட்டில் தேதியோடு எழுதிவிட்டு அடுத்த தங்கலுக்கு ஐஸ் ஏற்றுங்கள்.